ஓரம் சேராத மழை

அக்டோபர் 17, செவ்வாய்

எங்கள் மனோவா பள்ளத்தாக்கில் காலையிலிருந்து வெயிலும் மழையும் ஒருசேர. ஹொனலுலுவுக்குள் பேருந்து இறங்கியதும் வெறும் வெயில்.

நான் வரையும் மழை பாதிவரை வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு படித்த நான், சட்டைத் துணிக்கு முதன்முதலில் வரைந்தது அன்னாசிப்பழம். பிறகு செம்பருத்தி, செம்பருத்தி, மறுபடியும் செம்பருத்தி. மழை வரையட்டுமா என்று நிறுவனத்தில் கேட்டபோதெல்லாம், “சுத்திப் பாக்க வர்றவன் காசு குடுத்து மழையை வாங்குவானா?” என்ற பதிலே வந்தது. இந்த ஆண்டுதான் சம்மதித்தார்கள். கேட்டுக் கேட்டுக் காது சலித்திருக்கும்.

ஓரங்களை இன்னும் சேர்க்கவில்லை. நான் வரைவது ஒரே கட்டம். துணி நெடுக அதுவே திரும்பத் திரும்ப அச்சாகும். ஆகவே வலது ஓரம் இடது ஓரத்தோடும் மேல் ஓரம் கீழ் ஓரத்தோடும் தடயமின்றிக் கலக்க வேண்டும். பூவுக்கு அது எளிது. மழைக்கு?

அக்டோபர் 19, வியாழன்

வேலை போயிற்று.

அக்டோபர் 20, வெள்ளி

நேற்று கலிபோர்னியாத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கணினித் திரையில் தோன்றி, என் நீண்ட பயணத்துக்கு நன்றி சொன்னாள். பயணமா? ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வரைந்தவை அனைத்தும் நிறுவனத்தின் சொத்தாம். மழையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

“அழுதுடு செட்சுக்கா, மனசு லேசாகும்” என்றாள் தங்கை ஃபுமி.

“சூப்புல ஏற்கெனவே உப்பு ஜாஸ்தி.”

ஆனாலும் — ஏன் இப்போ? அன்னாசிப்பழம் வரைஞ்சிட்டிருந்தப்பவே அனுப்பியிருக்கலாமே. மழை பாதியில நிக்குது. பாதியில நிக்கிற மழையை என்ன பண்ணுவாங்க?

அக்டோபர் 28, சனி

அல்வின் மெடைரோஸின் இறுதிச் சடங்கு. என் கட்டங்களைத் துணியில் அச்சிட்டவர். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆயிற்று. எல்லோரும் ஹவாய் வழக்கப்படி பூச்சட்டையில் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் அமர்ந்தேன்.

சற்று நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் உழைப்பு முழுவதும். ஒரு கிழவரின் தோளில் என் முதல் அன்னாசி, வெளுத்துப்போய். பக்கத்தில் ஒரு பருமனான முதுகில் ஈரப்பலா இலைகள். பாட எழுந்தபோது வரிசைகள் மெல்ல அசைந்தன. கடலுக்கடியில் ஒரு தோட்டம் அசைவதுபோல் இருந்தது. அதற்குள் நான் மூச்சுவிடாமல் நின்றேன். எத்தனை பூக்கள்! ஒரு துளி மழை இல்லாமல் எப்படித்தான் வளர்ந்தனவோ.

அல்வினின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வரைஞ்ச கோட்டைப் பாத்தே உங்களுதுன்னு சொல்லிடுவாரு. ‘செட்சு ஒரு இலையையும் வெளிய போக விடமாட்டா, இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கமா இழுத்துட்டு வந்துடுவா’ம்பாரு.”

பாராட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

நிறுவனத்தில் துணி வெட்டும் பகுதியின் மார்லீன், கையில் டப்பா இறைச்சி வைத்த சோற்றுக்கட்டியான ஸ்பாம் முசுபியும் முகத்தில் சங்கடமுமாக வந்தாள்.

“ஆன்ட்டி, நீங்கதான் காப்பாத்தணும். மழையை அவங்களே முடிச்சு அச்சடிச்சுப் பாத்தாங்க. முதுகுல நட்டநடுவுல கோடு ஓடுது, ஆபரேஷன் பண்ணின தழும்பாட்டம்.”

“போட்டுக்கறவனுக்கு அனுதாபமாவது கிடைக்கும்.”

“வெளையாடாதீங்க ஆன்ட்டி. ஓரத்தை மட்டும் சேத்துக் குடுத்துடுங்க. ஒரு நாள் வேலைதானே?”

மழையின் நகலொன்றை வைத்துவிட்டுப் போனாள். முசுபி நன்றாக இருந்தது. என் மழை தழும்போடு உலகத்துக்கு வருவதை நான் எப்படிப் பொறுப்பேன்? அவர்களுக்காக ஏன் செய்ய வேண்டும்? இரண்டு கேள்விகளும் ஒரே படுக்கையில் புரண்டுகொண்டிருக்கின்றன.

நவம்பர் 4, சனி

செய்வதென்றே உட்கார்ந்தேன். நகலின் வலது ஓரத்தை வெள்ளைத் தாளில் ஒட்டி, கோடுகளை இடப்பக்கத்துக்குத் திருப்ப முயன்றேன். கை பழகிய வேலை. சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கின் மழை மலையைக் கண்ணிலிருந்து அழித்துக்கொண்டு வந்தது; எங்கும் திரும்பவில்லை. ஒரு கோட்டை அதன் போக்கில் விட்டுப் பார்த்தேன். அது தாளின் விளிம்புவரை போயிற்று.

அடுத்து இன்னொரு தாளை ஒட்டினேன்.

நவம்பர் 5, ஞாயிறு

நான் சாப்பிட்டதாக ஃபுமி சொல்கிறாள்.

நவம்பர் 9, வியாழன்

மார்லீன் அழைத்தாள். “முடிஞ்சுதா ஆன்ட்டி?”

“ஓரம் சேராதுடி. தழும்பு மேல ஒரு செம்பருத்தியைப் போட்டு மறைச்சுக்கோங்க.”

“ஐயோ! இத்தனை வருஷமா கேட்டுக் கேட்டு வாங்கின மழையாச்சே?”

“சட்டைக்கு ஆகாது. சொல்லிடு.”

அவளுக்கு வருத்தம். எனக்கு இல்லை, நேரமும் இல்லை, சாம்பல் நிறம் காய்வதற்குள் பச்சையைத் தொட்டாக வேண்டும். ஃபுமி இரண்டு தட்டுகளோடு நின்றாள். சாப்பாட்டு மேசை முழுவதும் மழை வரைந்த தாள், அங்கிருந்து சரிந்து தரைக்கும்.

“நாம எங்கக்கா உக்காந்து சாப்பிடறது?”

தட்டை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.