போனில் அடைத்த சந்தனம்

ஜொகூர் பாரு,
20.10.1994

அன்புள்ள பெரியநாயகிக்கு,

உன் நெஞ்சுவலி குறைந்ததா? நான் சுகம். பார், புதிதாகக் கற்ற எழுத்தில் என் கையாலேயே எழுதுகிறேன்.

ஆயுத பூசையிலிருந்து நம் போனில் உன் குரல் வரவில்லை, கரகரப்புதான். நான் கத்துவதைக் கேட்டு, கூட ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கும் ரங்கசாமி, “இந்தச் சத்தத்துக்கு அண்ணி இருக்கிற ரெம்பியாவுக்குப் போனே வேண்டாம்லா அண்ணே” என்கிறான். பூசையில் போனுக்கும் சந்தனம் பூசினாய் அல்லவா? அது பேசும் துளைகளை அடைத்திருக்கும் என்கிறார் ரிப்பேர்காரர். ஊசியால் மெதுவாக எடு. தண்ணீர் ஊற்றாதே.

நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகிறாயா என்று நேற்றுக் கேட்டேன். நீ சொன்ன பதில் கேட்கவில்லை. லீவும் தரமாட்டார்கள். இங்கே இருந்துகொண்டு நான் என்ன செய்வேன்?

இதைத் தபாலில் சேர்க்க, டவுனுக்கு லோரி கிளம்புகிறது. ‘போகிறேன்’ என்று பெரிதாக எழுதி உடனே அனுப்பு. ‘மாட்டேன்’ என்றால் எழுதாதே. அதைப் படிக்க நான் இன்னும் கற்கவில்லை.

உன்,
தம்புசாமி