இரண்டாம் முறை கேட்காத ஊர்

சம்பந்தி அண்ணாச்சி,

இன்று காலை என் காப்பியில் சர்க்கரை இருந்தது. சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எனக்கு இனிப்பைக் கண்ணில் காட்டியதில்லை. "என்ன இது?" என்றேன். "ஒரு நாளைக்குக் குடிச்சா என்ன, குடிங்க" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரி அடுப்படிக்குள் போய்விட்டாள். ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் வயிற்றுவலிக்குக் காட்ட மதுரைக்குப் போனபோது, டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இளையவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெளியே வந்தவன், "ஒண்ணுமில்லப்பா, குடல்ல லேசாப் புண்ணு" என்றான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. மிளகாய் மண்டியில் தினமும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவன், விருதுநகர் வந்து சேரும்வரை நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி என்றான். அதிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மண்டிக்குப் போகிறேன், உடனே திரும்புகிறேன். பேப்பரை விரிக்கிறேன், மடிக்கிறேன். இன்று அந்தக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் நினைப்பு வந்தது.

உங்கள் மகளும் என் மூத்தவனும் குடியிருக்கும் அமெரிக்க ஊருக்குப் பேரனைப் பார்க்கப் போய், நாம் இருவரும் ஒரு கோடை முழுக்க அங்கே கிடந்தோமே. குழந்தையைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். நமக்கு வேலை, நடப்பதும் குறை சொல்வதும்தான். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனியை விட்டுவிட்டு வந்த உங்களுக்குக் கை சும்மா இருக்காது. கைக்கு வேலை இல்லாததால் வாய் வேலை செய்தது.

"எதிர்ல வாறவன் எப்படி இருக்கீகன்னு கேக்குறான் அண்ணாச்சி. முட்டுவலியச் சொல்ல ஆரம்பிக்கதுக்குள்ள தெருமுனைக்குப் போயிட்டான்" என்பீர்கள். அவர்களுடைய சுதந்திர தினத்தன்று ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய், வாணவேடிக்கை பார்த்து, கைதட்டிவிட்டுக் கலைந்தது. "ஒரு பயலாவது தன் கையால திரியக் கொளுத்துனானா?" என்று வழியெல்லாம் புலம்பினீர்கள்.

பக்கத்து வீட்டு அம்மாள் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேக் தட்டை நீட்டினாளே, அதை மறக்க முடியுமா? நீங்கள் மரியாதைக்கு வேண்டாம் என்று கையசைத்தீர்கள். அவள் சிரித்துக்கொண்டே தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். "ஒரு தடவ வேண்டாம்னா எடுத்துட்டுப் போயிருவாகளா? ரெண்டாந்தரம் கேக்கணும்ல" என்று நீங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள, எனக்கு ஒரே சிரிப்பு. நீங்கள் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள், அவ்வளவுதான் என்றேன். உங்களுக்குச் சமாதானமாகவில்லை.

அதே அம்மாள்தான் ஒருநாள் செடிக்குத் தண்ணீர் விட்டபடி, தனக்குப் புற்றுநோய் என்று டாக்டர் காலையில் சொன்னதாக வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போனாள். உங்கள் மகள் தமிழில் சொன்னதும் நீங்கள் கொதித்துப் போனீர்கள். "அந்தம்மாகிட்டயேவா சொன்னான்? பிள்ளைகளக் கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா? ஈவு இரக்கம் இல்லாத பய." அன்று சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தீர்கள். அதில் மட்டும் நான் உங்கள் கட்சி.

உங்களுக்கு அந்தச் சோதனை வரவில்லை. ஊர் திரும்பியபின் வந்த தீபாவளி சீசனில், கம்பெனி வாசலில் லோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தீர்கள். தண்ணீர் கொண்டுவருவதற்குள் போய்விட்டீர்கள். உங்களிடம் சொல்லவும் ஒன்றுமில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. நல்ல சாவுதான். ஆனால் இன்று எனக்கு உங்கள்மேல் கோபமாக வந்தது. கட்சியில் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே.

மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரை பஸ் ஏறினேன்.

"கூட யாரும் வரலையா?" என்றார் டாக்டர்.

"நோவு எனக்குத்தானய்யா. எங்கிட்டச் சொல்லுங்க."

கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னார். அந்த அம்மாளுக்கு வந்ததுதான் எனக்கும். ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். அவளைப் போலச் செடிக்குத் தண்ணீர் விடும் தைரியம் எனக்கு இல்லை அண்ணாச்சி. பஸ் நிலையத்தில் இரண்டு மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "டாக்டரப் பாத்துட்டு வந்துட்டேன். எல்லாம் சொல்லிட்டாரு" என்றேன். என் வீட்டுக்காரி நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்களுக்குக் கேட்டுரக் கூடாதேன்னு முந்தாநாளு இருந்து குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

இதை நாம் இருவருமே யோசிக்கவில்லை. நோயாளியிடம் மறைப்பதைப் பற்றி அத்தனை பேசினோம். மறைக்கிறவர் எங்கே போய் அழுவார் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்காக அமெரிக்காக்காரன் செய்வதுதான் சரி என்று சொல்லமாட்டேன். முன்பின் தெரியாத ஒருத்திக்காக நீங்கள் அன்று சாப்பிடாமல் படுத்தீர்களே, அதை இன்னும் வைத்திருக்கிறேன். இனி வரும் நாளுக்கு அது எனக்கு வேண்டும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டாள். நோவு தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் யாரும் என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

வலிக்கிறது என்று சொன்னேன்.