சபை கை தூக்கும் முன்

பாக்தாத்,
மார்ச் 2003

அன்புள்ள முஅய்யதுக்கு,

நிப்ராஸ் எழுதுவது. நானும் நம் மகள் ஹலாவும் நலம். அந்த நியூயார்க் குளிரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நம் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதனால் ஜோர்டானில் உள்ள அம்மான் நகருக்குப் போகும் என் தம்பி ஹாரிஸிடம், அங்கிருந்து தபாலில் போடச் சொல்லி இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அமெரிக்கா நம்மேல் படையெடுக்க அனுமதி கொடுப்பதா என்று அங்கே ஐ.நா. சபையில் நடக்கும் விவாதத்தை வானொலியில் விடாமல் கேட்கிறேன். நம் தூதர் பேச்சை மொழிபெயர்ப்பவரின் பெண்டாட்டி என்பதால் தெருவே என்னிடம்தான் விசாரிக்கிறது. சண்டை வந்தால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அபு ரஅத் ரோஜாச் செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கிணறு தோண்டுகிறார். "உன் புருஷன் அந்தச் சபையில உக்காந்துக்கிட்டு என்னதான் பண்றான்? சண்டை உண்டா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லக்கூடாதா? தண்ணி வர்றதுக்குள்ள என் இடுப்பு போயிடும்மா" என்றார். சிரித்துவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

நேற்று டாக்டர் சாஹிராவிடம் போனேன். வராந்தா முழுக்கப் பிள்ளைத்தாச்சிகள். குண்டு விழுமுன் ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிடச் சொல்லி வந்தவர்கள். "உனக்கு முதல் பிள்ளையே ஆபரேஷன். சண்டை வந்தப்புறம் வலி எடுத்தா கரண்ட் இருக்காது, மயக்க மருந்து இருக்காது, நானே வந்து சேருவேனான்னு தெரியாது. இப்பவே எடுத்தா பிள்ளை ரொம்பச் சின்னது, தங்குமான்னு சொல்ல முடியாது. எதுன்னு நீயே சொல்லும்மா" என்றார்.

நீங்களோ போனில், "இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, கொஞ்சம் பொறு" என்கிறீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கே ஆயுதம் தேட இன்னும் சில வாரம் கொடுங்கள் என்கிறது ஒரு நாடு. ஒரு நாள்கூடக் கிடையாது என்கிறது இன்னொன்று. என் வயிற்றில் உதைக்கும் பிள்ளைக்கும் சில வாரம்தான் தேவை. அதைக் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, அடுத்தவர் பேச்சை மொழிபெயர்ப்பதுதானே உங்கள் வேலை.

நாளைக் காலை பிள்ளையை எடுத்துவிட ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஹலா என் அக்கா வீட்டில் இருப்பாள். உங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

சண்டை வேண்டாம் என்று அவர்கள் கை தூக்கிவிட்டால் நான் வீணாக அவசரப்பட்டவள் ஆவேன். தெரு கைகொட்டிச் சிரிக்கட்டும். நீங்களும் வந்து, "எதுக்குடி இப்படி அவசரப்பட்ட?" என்று வாய் ஓயும்வரை திட்டுங்கள். அந்தத் திட்டை வாங்கும் பாக்கியத்தை அல்லாஹ் எனக்குத் தரட்டும்.

உங்கள்,
நிப்ராஸ்