அடுப்படியில் கட்டிய மெட்டு

ரூபவதி அப்பாவுக்கு மரியம்மாள் எழுதிக்கொண்டது. கால் வீக்கம் வடிந்ததா? பேத்தி ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாளா? ஆம்பூரில் எனக்குச் சமையல் வேலை குறையில்லாமல் நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் கேசட் கம்பெனிக்காரர் இங்கே ஒரு சின்ன மாடி ஹாலில் கச்சேரி வைத்தார். சொந்தமாய் மெட்டுக் கட்டும் பேண்டு மாஸ்டர்களின் பாட்டு மட்டும்தான். அங்கே இருந்தவர்கள் கம்பெனிக்காரர், உங்களுக்குப் பதிலாய் வந்த சிஷ்யன் தணிகைவேல், அவனோடு வாசிக்கும் ஏழு பேர், நான், நம்மூர் கலவையிலிருந்து பஸ் ஏறி வந்த பக்கத்து வீட்டுப் பங்கஜம்.

ரூபவதி வயிற்றில் இருந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து எனக்காக நீங்கள் கட்டிய மெட்டைத் தணிகைவேல் கிளாரினெட்டில் ஊதினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடித்ததும் மைக்கில், "இது எங்க மாஸ்டர் மெட்டு. பேரு பங்கஜம்" என்றான்.

"இன்னாடா பேரு அது?" என்று கேட்டேன்.

"எந்தக் கல்யாணத்துல மொதல்ல ஊதனாங்களோ, அந்தப் பொண்ணு பேருதானே ஆயா வைப்பாங்க? மாஸ்டர் நோட்டுல அப்படித்தான் இருக்குது."

பங்கஜம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "உனக்கும் புடிச்ச மெட்டாக்கா அது?" என்று கேட்டாள்.

கேசட் அட்டை அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறதாம். அதற்குள் கம்பெனிக்குக் கார்டு போட்டுப் பேரை மாற்றுங்கள். என் அறையில் குளிர் ஜாஸ்தி, பழைய கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களே கொண்டுவந்து, எனக்கு ஒரு தடவை ஊதிவிட்டுப் போங்கள்.

தபால்காரர் வந்து பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். தணிகைவேல் சின்னவன், விட்டுவிட்டேன். நோட்டில் எழுதிய உங்களையும் மன்னித்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டு, அதே மெட்டைத் தன் கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டவளை மட்டும் மன்னிக்க மாட்டேன், அந்தப் பங்கஜத்தை.