கெவர்கீஸ் எழுதாத கடிதம்

அன்புள்ள தாலியாவுக்கு,

உனக்கும் பிள்ளை நுஹ்ராவுக்கும் ஆண்டவருடைய சமாதானம். உன் கடிதம் ஸ்வீடனிலிருந்து வந்து சேர்ந்து இருபது நாளாகிறது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. ஊருக்குத் திரும்பி மூன்று மாதமாகிறது. நம் தெருவுக்கு எட்டுக் குடும்பங்கள்தான் வந்திருக்கின்றன. உங்கள் வீட்டில் மாடியறை எரிந்துவிட்டது, கீழே சுவர்கள் உறுதியாக நிற்கின்றன. கோயில் மணியை மறுபடி ஏற்றிவிட்டோம். என் வீட்டுக்காரி ஷ்மூனிக்கு முழங்கால் வலி குறையவில்லை. "அந்தப் பனியில தாலியா எப்படித்தான் காலம் தள்ளுறாளோ" என்று வலியோடு வலியாக உன்னைப் பற்றியும் புலம்புகிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கணவன், என் தம்பி கெவர்கீஸ், உனக்காக ஏதாவது எழுதி வைத்திருந்தானா, ஒரு வரியாவது, என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று இருக்கிறது.

கோயில் பெட்டியில் இருந்த பழைய தோல் புத்தகம் உனக்கு நினைவிருக்கும். கெவர்கீஸ் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் அதன் முன்னால்தான் உட்காருவான். வேதத்தில் அப்போஸ்தலர் பவுல் கொலோசெ ஊர்ச் சபைக்கு எழுதும்போது, லவோதிக்கேயாவிலிருந்து வரும் கடிதத்தையும் வாசியுங்கள் என்கிறார். அந்தக் கடிதம் உலகத்தில் எங்கேயும் இல்லை. "அப்போஸ்தலர் வாசின்னு சொன்னத நாம வாசிக்கவே இல்லையே அண்ணா, அப்புறம் நம்ம வேதம் முழுசுன்னு எப்படிச் சொல்றது?" என்பான். பாதிரியார் மத்தி, "வேண்டியதெல்லாம் கைக்கு வந்துருச்சுடா. நீ போய் சாப்பிடு" என்று சிரிப்பார். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பன்னிரண்டு ஏடுகளில் எழுத்து மங்கியிருந்தது. காணாமல்போன கடிதம் அதுதான் என்று கெவர்கீஸ் நம்பினான்.

கறுப்புக் கொடிக்காரர்கள் வருகிறார்கள் என்று ஊரே கிளம்பிய அன்று, அவன் உன்னையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான். கோயில் சாவி என்னிடம் இருந்ததால் புத்தகத்தை என்னைக் கொண்டுவரச் சொன்னான். ஷ்மூனியின் தையல் இயந்திரத்தையும் மாவு மூட்டையையும் ஏற்றிய பிறகு வண்டியில் இடம் இல்லை. உண்மையைச் சொன்னால், இடம் இருந்தது. கோயில்வரை போகப் பயமாக இருந்தது. நாம் தஞ்சம் புகுந்த எர்பில் நகரத்தில் அவன் கேட்டபோது, மூட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவனே மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தான். நீ அப்போது பால் வாங்கும் வரிசையில் நின்றிருந்தாய். அவன் என்னைத் திட்டவில்லை. "சரி விடு அண்ணா, நான் போய் எடுத்துட்டு வந்துடுறேன். தாலியா கேட்டா நான்தான் மறந்துட்டேன்னு சொல்லு. உன்மேல கோவப்படுவா" என்றான். கோயில் சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனான். பிறகு வரவே இல்லை.

அப்படியேதான் உன்னிடம் சொன்னேன். மூன்று வருடமாக அதையே சொன்னேன். அவனுடைய பாழாய்ப்போன மறதி என்று நீ தலையில் அடித்துக்கொண்டு அழுதபோதும் பக்கத்தில்தான் நின்றேன்.

போன மாதம் உங்கள் வீட்டு ரொட்டி அடுப்பைச் சுத்தம் செய்யப்போன ஷ்மூனி அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். சாம்பலுக்கு அடியில், உங்கள் சாப்பாட்டு மேசை விரிப்பில் சுற்றி, அந்தப் புத்தகம் இருந்தது. ஆக அவன் ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். கோயிலுக்குப் போயிருக்கிறான், வீட்டுக்கும் வந்திருக்கிறான். எதையோ கேட்டோ பார்த்தோ அவசரமாக ஒளித்திருக்கிறான். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை.

புத்தகத்தை எர்பிலுக்குக் கொண்டுபோய், பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒரு துறவியிடம் காட்டினேன். இரண்டு நாள் பார்த்தார். "இது நோன்பைப் பத்தின பிரசங்கம்ங்க. இதே பிரசங்கம் வேற நாலு இடத்துலயும் இருக்கு" என்றார். புத்தகத்தை மூடி மறுபடி விரிப்பில் சுற்றினேன். அவர் தண்ணீர் கொடுத்து, பேச்சை மாற்றுவதற்காக ஒன்று சொன்னார். காணாமல்போன அந்தக் கடிதத்தின் குறை தாங்காமல் யாரோ ஒருவர் அந்தக் காலத்திலேயே, பவுலின் மற்றக் கடிதங்களிலிருந்து வரிகளைப் பொறுக்கி, பவுல் பெயரிலேயே ஒன்று எழுதிவைத்தாராம். குறையோடு இருந்தாலும் இருக்கட்டும், அது வேண்டாம் என்று சபை ஒதுக்கிவிட்டதாம்.

தாலியா, நானும் அதைச் செய்யப் பார்த்தேன். எனக்கும் அவனுக்கும் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான், எங்கள் கையெழுத்து ஒன்றுபோலவே இருக்கும். அவனுடைய பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து உன் பெயரை எழுதினேன். நுஹ்ராவைப் பார்த்துக்கொள் என்று எழுதினேன். அவன் எழுதியிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பான். ஆனால் மூன்றாவது வரிக்குக் கை ஓடவில்லை. ஏற்கெனவே அவன் பெயரில் ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில், இல்லை என்பதுதான். ஏடு ஏடாகப் புரட்டிவிட்டேன், விரிப்பை உதறிவிட்டேன், அடுப்புச் சாம்பலைச் சல்லடையில் சலித்துப் பார்த்துவிட்டேன். உனக்கென்று ஒரு வரியும் இல்லை. விரிப்பைத் துவைக்காமல் அனுப்புகிறேன்.

இன்னொன்று. பூசையில் இறந்தவர்களின் பெயர்களை இப்போது நான்தான் வாசிக்கிறேன். போன ஞாயிறு பாதிரியார் மத்தி, "கெவர்கீஸ் பேரையும் சேர்த்துடலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். உடலைக் கண்ணால் பார்க்காமல் அவன் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று நீ அன்றே சொல்லியிருக்கிறாய். தாலியாவைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் போடு. நீ சரி என்றால், தெருவரை கேட்கும்படி வாசிக்கிறேன். வேண்டாம் என்றால், அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறேன்.

நுஹ்ராவின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை அடையாளம் போடு.

அண்ணன் என்று போட்டுக்கொள்ள இன்னும் உரிமை உண்டோ என்று தெரியாத,
அப்லஹத்