ஒருவருக்கும் தெரியாத தோசை

ஆகஸ்ட் 14, வியாழன். வெள்ளவத்தை, கொழும்பு.

விசாவை இன்னும் ஒரு வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

அதிகாரி சிங்களத்தில் கேட்டது எனக்கே புரிந்தது. தோசை சுட இந்தியாவிலிருந்தா ஆள் வேண்டும், இங்கே ஒருவருக்கும் தெரியாதா? நான் தோசை சுடும் கடையின் முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். தன் மனைவியின் தோசைதான் தோசை என்று என்னிடம் தினமும் வம்புக்கு நிற்பவர். இன்று எனக்காகத் தலையைக் குனிந்துகொண்டு, ஒருவருக்கும் தெரியாது என்றார். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

வெளியே வந்ததும், "இதை அக்காவிட்ட சொல்லிப்போடாதையும் தம்பி" என்றார். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் என்னை விட்டுவிட்டார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததால் முதலாளியை வெகுநேரம் நிறுத்தி வைத்தார்கள். அவர் வரும்வரை காத்திருந்து, அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

கடைக்கு வந்ததும் தோசை விஷயத்தை அவரே மனைவியிடம் உளறிவிட்டார். "அப்பிடியோ சொன்னனீங்கள்?" என்ற அக்கா நேரே அடுப்படிக்குப் போனார். மாவில் வெங்காயமும், செத்தல் என்று இவர்கள் சொல்லும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டி, சுட்டு, என் தட்டில் போட்டார்.

"சாப்பிட்டுப் பாருங்கோ தம்பி."

இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன். மூன்றாவதையும். அந்த அதிகாரி மட்டும் இந்தக் கடைக்குச் சாப்பிட வந்துவிடக் கூடாது, அதுவும் அக்கா அடுப்படியில் நிற்கிற நாளில்.