திரும்பி வந்த புகைப்படம்

என்னங்க,

விசா ஏன் பத்து நாள் தள்ளிப்போனது என்று கேட்டிருந்தீர்கள். என் புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கவுன்டரில் இருந்த அம்மாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க தங்கச்சியாம்மா?" என்றார். எனக்குத் தங்கச்சி இல்லையென்று உங்களுக்குத் தெரியும்.

படத்தைத் திருத்தியது நான்தான். ஸ்டுடியோவில் தினமும் செய்கிற வேலை, கை தானாகப் போய்விட்டது. என் இரண்டு கன்னங்களிலும் கருந்திட்டாக மங்கு இருக்கிறது. சின்னவள் ஏழு மாதமாக வயிற்றில் இருந்தபோது வந்தது, பிறகு போகவே இல்லை. நீங்கள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தீர்கள். வீடியோ காலில் நான் ஏன் எப்போதும் முகம் நிழலில் விழும்படி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்கிறேன் என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

நேற்று சும்மா எண்ணிப் பார்த்தேன். படமெடுக்க வந்த பதினெட்டுப் பெண்களில் ஏழு பேருக்கு மங்கு. ஏழு பேரும் என் காதோடு ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "எனக்கு மட்டும் ஏன்தான் இப்படியோ, இதைக் கொஞ்சம் எடுத்துடுங்க." அதில் ஒருத்தி தோல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கிறாள்.

எடுத்துவிட்டேன், ஏழு பேருக்கும்.

என் புதுப் படத்தில் மட்டும் கை வைக்கவில்லை. விசா வந்துவிட்டது. அந்தப் படத்தின் பிரதி ஒன்று இதோடு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்போர்ட்டில் உங்கள் பர்ஸில் இருக்கிற பழைய படத்தை வைத்து என்னைத் தேடாதீர்கள். சின்னவள் யார் கையைப் பிடித்திருக்கிறாளோ, அவள்தான் நான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி